அணியின் பின்புறம்



பொருட்காட்சிச் சாலைக்குச் செல்கிறோம். கண்ணாடிப் பேழைக்குள் ஒரு வெள்ளி அணி ஒளிர்கிறது. அதன் முகத்தில் பொறித்துள்ள கொடியையும் பூவையும் விலங்கையும் கண்டு வியக்கிறோம். பிறகு அடுத்த பேழைக்கு நகர்ந்துவிடுகிறோம். அந்த அணியின் பின்புறம் எப்படி இருக்கும் என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அரிது. வரலாறு கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தும், நானும் நெடுங்காலம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க வைத்தது ஒரு சிறிய வெள்ளிப் புரூச்சு.

சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவாமல் நிறுத்துவதற்கென்று என் தாயார் இளமையில் அணிந்த புரூச்சு அது. முகத்தில் ஒரு மயில். பின்புறத்தில் ஓர் ஊசி. பல்லாண்டுப் பழக்கத்தில் ஊசி தேய்ந்து ஒருநாள் ஒடிந்துவிட்டது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். மாலைக்குள் புது ஊசி வைத்துப் பளபளவென்று திருப்பித் தந்தார்கள். எனக்கும் மனநிறைவுதான். ஆனால் அதை என் மகள் அணிந்து சென்ற முதல் நாளே, அந்தப் புது ஊசி ஈர்க்குச்சி போல் வளைந்து, கொக்கியை விட்டு நழுவிற்று. கூட்டத்தில் கீழே விழுந்த மயிலை யாரோ ஒரு நல்லவர் எடுத்துக் கொடுத்திராவிட்டால் என் தாயாரின் நினைவுப் பொருளாக எனக்கிருந்த அந்த ஒன்றும் அன்றே போயிருக்கும்.

பிறகு முதிய வெள்ளிப் பத்தர் ஒருவரிடம் அதைக் கொண்டு போனேன். அவர் மயிலைப் பார்க்கவேயில்லை. வாங்கிய உடனே திருப்பிப் பிடித்தார். ஊசியை நகத்தால் ஒருமுறை நிமிண்டினார். "ஐயா, ஊசியையும் சேர்த்து நெருப்பில் காட்டிவிட்டார்கள். இதன் பதம் போய்விட்டது" என்றார். அந்த ஒரு சொல்லில் மூவாயிரம் ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்பதை நான் பின்னர்தான் உணர்ந்தேன்.

பதம் என்று அவர் சொன்னது என்ன? வெள்ளி மென்மையான உலோகம். அணிகளுக்கு உறுதி வேண்டி அதனுடன் செம்பைக் கலப்பார்கள். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் 7.5 பங்கு செம்பும் கலந்ததையே ஸ்டெர்லிங் வெள்ளி என்பர். இந்தக் கலவையும் இயல்பில் ஊசிக்கு வேண்டிய விறைப்பு உடையதன்று. ஆனால் அதைக் கம்பி அச்சின் துளை வழியே இழுத்தாலும், பட்டடையில் வைத்துச் சுத்தியால் தட்டினாலும், அதற்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் நெருக்குண்டு சிதைகின்றன. அந்தச் சிதைவே கம்பிக்கு வலிமையாகிறது. வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பும் ஆற்றல் அப்போதுதான் அதற்கு வருகிறது. ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டாலோ, படிகங்கள் புதிதாய் உருவாகி விறைப்பு நீங்கிவிடுகிறது. வெண்காரமிட்டுப் பொடி வைத்து வெள்ளியைப் பற்றவைக்க இதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். ஆகவே ஊசியையே நெருப்பில் வைத்துப் பற்றவைப்பவர், ஊசியை ஒட்டும் அதே வேளையில் அதன் உயிரையும் போக்கிவிடுகிறார்.

முதியவர் செய்த வேலை வேறு வகையானது. பழைய ஊசியை அகற்றினார். ஒரு புறம் கீலையும் மறுபுறம் கொக்கியையும் முதலில் பற்றவைத்தார். நெருப்பு வேலை அத்தோடு முடிந்தது. பின்னர் அச்சில் இழுத்து விறைப்பேற்றிய புதுக் கம்பியை அரத்தால் கூராக்கி, கீலுக்குள் செருகி, ஒரு சிறு தறையாணியால் நெருப்பின்றியே தறைந்தார். கீலை ஒட்டிய ஊசியின் அடியில் குதிகால் போன்ற ஒரு சிறு புடைப்பை விட்டிருந்தார். அது தகட்டில் முட்டி நிற்பதால் ஊசி சற்றே மேல்நோக்கி விலகி நிற்கிறது. கொக்கிக்குள் அழுத்தினால் துள்ளி எழப் பார்க்கிறது. அந்தத் துள்ளல்தான் கொக்கியினின்றும் அதை நழுவவிடாமல் காக்கிறது. ஊசியை நட்ட நடுவில் வைக்காமல் மேல்விளிம்பை நோக்கித் தள்ளியும் வைத்தார். கனம் கீழே இருந்தால்தான் அணி முன்னோக்கிக் கவிழாது என்று விளக்கினார்.

அதன்பின் நான் வரலாற்று நூல்களைப் புரட்டியபோதெல்லாம் அணிகளைத் திருப்பிப் பார்க்கும் ஆவல் மேலிட்டது. வாருங்கள், அவற்றுள் சிலவற்றைச் சேர்ந்தே திருப்பிப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் வெண்கலக் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ கி.மு. 13ஆம் நூற்றாண்டில், கிரேக்க நாட்டின் மைசீனிய மக்களிடையிலும் வட இத்தாலியிலும் ஒரு புதுப் பொருள் தோன்றுகிறது. ஒரே கம்பி, ஒரு முனையில் அதையே சுருட்டி ஒரு சுருள், கூரான மறுமுனையைத் தாங்க ஒரு சிறு கொக்கி. நம் வீடுகளில் இன்று புழங்கும் ஊக்கின் முன்னோர் இதுவே. அதற்கு முன்பு ஆடையை நிறுத்தியவை நேர் ஊசிகள். குத்தினால் நிற்கும், அசைந்தால் கழலும். சுருளைக் கண்டுபிடித்தவன், உலோகத்தின் துள்ளலைத் தனக்கு ஏவல் செய்ய வைத்தான். தட்டித் தட்டி விறைப்பேற்றிய வெண்கலம் துள்ளும் என்பதைப் படிகம் என்ற சொல்லையே அறியாத அவன், தன் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் செய்த சுருளோ மூவாயிரம் ஆண்டு கடந்தும் மறையவில்லை.

நேர் ஊசி எத்துணை நீளமாகவும் கூராகவும் இருந்தது என்பதற்கு ஹெரோடோட்டஸ் ஒரு துயரக் கதை சொல்கிறார். கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அவர். ஏதென்சு நகரத்தார் ஈஜினாத் தீவின்மேல் படையெடுத்துச் சென்று தோற்றனர். ஒருவன் மட்டுமே உயிரோடு திரும்பினான். மாண்டவர்களின் மனைவியர் அவனைச் சூழ்ந்துகொண்டு, தத்தம் கணவன் எங்கே என்று கேட்டு, தங்கள் ஆடையூசிகளாலேயே அவனைக் குத்திக் கொன்றார்களாம். அதன்பின் ஏதென்சு நகரப் பெண்கள் ஊசி தேவைப்படாத அயோனிய உடைக்கு மாற்றப்பட்டனர் என்றும், பகைவரான ஆர்கோசு, ஈஜினா மக்களோ தங்கள் ஊசிகளை முன்னினும் ஒன்றரை மடங்கு நீளமாக்கினர் என்றும் அவர் எழுதுகிறார். கதை முழுதும் நடந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் ஆடையை இணைக்கும் ஒரு சிறு கருவி ஒரு நகரத்து உடை வழக்கத்தையே மாற்றியதாகப் பண்டை மக்கள் நம்பினர் என்பதில் ஐயமில்லை.

உரோமர் காலத்துக்கு வருவோம். சுருள் வைத்த ஊக்கு எளிது, மலிவு. ஆனால் சுருளில் ஒரு சுற்று ஒடிந்தால் ஊக்கு முழுவதும் வீண். ஊசியும் உடலும் ஒரே கம்பி என்பதால், ஊசியை மட்டும் மாற்ற வழியில்லை. அவர்கள் காலத்தில் கீல் வைத்த ஊக்குகள் பெருகின. கீலில் ஊசி வேறு, உடல் வேறு. ஒடிந்த ஊசியைக் கழற்றிவிட்டுப் புது ஊசியைத் தறைந்துகொள்ளலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமப் படைவீரர்கள் சென்ற இடமெல்லாம் பரவிய ஒரு வகை ஊக்கு கீல் வைத்ததே. அவற்றுட் சிலவற்றில் ஆவுசிஸ்ஸா என்ற பெயர் பொறித்திருக்கிறது. செய்தவன் பெயர் அது எனக் கருதுவர். பேரரசின் பிற்காலத்தில் உயர் அலுவலர்கள் தோளில் அணிந்த குறுக்குவில் வடிவ ஊக்குகள் சிலவற்றில், ஊசி தானே கழன்றுவிடாதபடி திருகு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பழுதுபார்க்கக் கூடிய வகையில் ஒரு பொருளைச் செய்வதும், கழலாதபடி அதைப் பூட்டுவதும் முன்னேற்றத்தின் இரு படிகள்.

அயர்லாந்திலும் பிரிட்டனிலும் வாழ்ந்த கைவினைஞர்கள் சுருளும் இல்லாமல் கீலும் இல்லாமல் வேறொரு வழியைக் கையாண்டனர். வாய் பிளந்த வளையல் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஒரு நீண்ட ஊசியைத் தலைப்பில் வளைத்து மாட்டிவிட்டால், அது வளையத்தைச் சுற்றி நகரும். ஊசியைத் துணியின் மடிப்பில் குத்தி வெளியே எடுத்து, அதன் முனையை வளையத்தின் பிளவு வழியே நுழையவிட்டு, வளையத்தைச் சற்றே சுழற்றினால் போதும், ஊசி பூட்டிக்கொள்ளும். துணியின் கனமே அதை இறுக்கிப் பிடிக்கும். கெட்டுப்போகக் கூடிய உறுப்பு எதுவும் அதில் இல்லை. ஊசி ஒடிந்தாலும் கொல்லன் ஒருவன் வேறொன்றைத் தட்டி வளைத்து மாட்டிவிடலாம். எளிமைக்கு இதைவிட நல்ல சான்று காண்பது கடினம்.

ஆனால் செல்வம் பெருகியபோது எளிமை தோற்றது. அயர்லாந்தின் பழைய சட்ட நூல்கள், பேரரசர் மக்கள் பளிங்கு பதித்த பொன் ஊக்கும், சிற்றரசர் மக்கள் வெள்ளி ஊக்கும் அணிய வேண்டும் என்று வகுக்கின்றன. ஊக்கு இங்கே பதவியின் அடையாளமாகிவிட்டது. பொற்சரிகை வேலைக்கும் மணி பதிப்பதற்கும் இடம் வேண்டும் என்று வளையத்தின் பிளவையே மூடிவிட்டார்கள். 1850ஆம் ஆண்டு மீத் மாவட்டத்துப் பெட்டிஸ்டவுனில் கிடைத்த தாரா ஊக்கு என்ற புகழ்பெற்ற அணி இத்தகையது. எட்டாம் நூற்றாண்டினதாகிய அது இன்று டப்ளின் தேசியப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது. பிளவு மூடியதால் சுழற்றிப் பூட்டும் பழைய முறை அதில் செல்லாது. அதன் பக்கத்தில் பின்னல் வேலை செய்த வெள்ளிச் சங்கிலி ஒன்று தொங்குகிறது. முகத்தின் அழகுக்காக ஊசியின் வசதி விட்டுக்கொடுக்கப்பட்ட கதை இது. அந்த ஊக்கின் பின்புறமும் முகத்துக்கு நிகராக அழகு செய்யப்பட்டிருப்பது வியப்பு. அணிந்தவரின் ஆடையைத் தவிர வேறு யாரும் காணாத பக்கம் அது!

இதனோடு பிறந்த தங்கை போன்றது ஸ்காட்லாந்தின் ஹண்டர்ஸ்டன் ஊக்கு. ஏறத்தாழ கி.பி. 700இல் செய்யப்பட்டது, எடின்பரோவில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் வடநாட்டு ரூன் எழுத்துகளில் ஒரு வாசகம் கீறப்பட்டுள்ளது. மெல்பிரிக்தா என்பவர் இந்த ஊக்குக்கு உரியவர் என்பது அதன் பொருள். எழுத்து பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மொழி வைக்கிங் மக்களுடையது. பெயரோ கெல்டிய இனத்தது. அணி செய்யப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருவர் அதைப் போற்றி வைத்திருந்தார் என்பதும், இரு இனங்கள் அந்நாளில் கலந்து வாழ்ந்தன என்பதும் அந்தப் பின்புறம் சொல்லும் செய்திகள். முகத்தை மட்டும் பார்த்தவர் இவற்றை அறியார். அதன் ஊசியோ ஒடிந்து குறுகிக் கிடக்கிறது.

இங்கிலாந்தில் ஈலித் தீவுப் பகுதியின் சட்டன் என்ற ஊரில் 1694இல் ஒரு வட்ட வெள்ளிப் புரூச்சு கிடைத்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய அதற்கு உரியவள் ஏட்வென் என்ற பெண்மணி. தன் மனம் இசைந்து கொடுத்தாலன்றி, இதைத் தன்னிடமிருந்து பறிப்பவனை இறைவன் சபிக்கட்டும் என்ற கருத்தை அவள் பின்புறத்தில் பொறித்து வைத்தாள். திருடனுக்கு அஞ்சியவள் சாபத்தைக் காவல் வைத்தாள். ஆனால் அணி தொலைவதற்குத் திருடன்தான் வேண்டுமா? ஊசி தளர்ந்தால் போதுமே! சாபம் இன்றும் படிக்கும்படி இருக்கிறது, ஊசியைத்தான் காணவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். இலண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையில் புல்லர் புரூச்சு என்று ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 11.4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளித் தட்டில், ஐம்பொறிகளையும் ஐந்து மனித உருவங்களாகக் கருநிறக் கலவை நிரப்பித் தீட்டியிருக்கிறார்கள். நடுவில் அகன்ற கண்களோடு நிற்பவன் காட்சி. சுவைப்பவன் கையை வாய்க்குள் வைத்திருக்கிறான். மோப்பவன் செடிகளிடையே நிற்கிறான். கேட்பவன் கையைக் காதருகே வைத்திருக்கிறான். தொடுபவன் கைகளை ஒன்றோடொன்று உராய்கிறான். மண்ணுக்குள் புதையாமல் மக்கள் கைகளிலேயே இருந்து வந்ததால், அது கேடுறாமல் புத்தம் புதிதாய் விளங்கிற்று. அந்த நன்மையே அதற்குப் பகையாயிற்று. போலி என்று அறிஞர்கள் ஒதுக்கினர். கேப்டன் புல்லர் என்பவர் அதை வாங்கி வைத்திருந்தார். அதன் கருநிறக் கலவை பண்டைக் காலத்துக்கே உரிய வகை என்பது ஆய்வில் தெளிவாக, 1952இல் அது பொருட்காட்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தது.

அத்தகைய அரிய பொருளைத் திருப்பிப் பார்த்தால் என்ன காண்கிறோம்? ஊசியும் அதைத் தாங்கிய உறுப்புகளும் நீக்கப்பட்டிருக்கின்றன. மேல்விளிம்பிலோ கயிறு கோத்துத் தொங்கவிட ஒரு துளை! ஒரு காலத்தில் யாரோ ஒருவர், ஊசியைச் செப்பனிடுவதைவிடத் துளையிடுவது எளிது என்று எண்ணியிருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டு பழமையுடைய தட்டு முழுமையாய் நிற்கிறது. அது எப்படி அணியப்பட்டது என்பதைச் சொல்லும் உறுப்பு மட்டும் போய்விட்டது. முகம் கலையைச் சொல்லும். பின்புறம் வாழ்க்கையைச் சொல்லும். அந்த வாழ்க்கையின் ஏடு அங்கே கிழிக்கப்பட்டுவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால், நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் என்ற புதுப்புனைவாளர் ஒருவரைச் சந்திக்கிறோம். 1849 ஏப்ரல் 10ஆம் நாள் அவர் ஓர் ஊக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கம்பி, ஒரு சுருள், கூர்முனையை மூடிக் காக்கும் ஓர் உறை. ஒடிவதற்கு மூட்டும் இல்லை, தேய்ந்து தளர்வதற்குக் கீலும் இல்லை என்பதையே தம் ஊக்கின் சிறப்பாக அவர் எடுத்துரைத்தார். கீல் வைத்த புரூச்சுகளின் நோய் என்ன என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பது இதனால் விளங்கும். மைசீனியக் கம்மியன் கண்ட சுருள், மூவாயிரம் ஆண்டு சுற்றி வந்து மீண்டும் அவர் கையில் முளைத்தது. அந்த உரிமையை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் பெற்ற செல்வம் பெரிது. உலகமோ அவருடைய பெயரை மறந்துவிட்டு அவர் செய்த ஊக்கை மட்டும் வைத்துக்கொண்டது.

வெள்ளிப் புரூச்சு செய்வோரும் வாளா இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் திறந்த கொக்கிக்குப் பதிலாகச் சுழன்று மூடிக்கொள்ளும் பூட்டுக் கொக்கி வழக்கத்துக்கு வந்தது. ஊசிக்கு வெள்ளியைவிட விறைப்பான உலோகங்களைக் கையாளவும் தொடங்கினர். ஜெர்மன் வெள்ளி என்பது அவற்றுள் ஒன்று. பெயரில் வெள்ளி இருந்தாலும் அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவையே. துருவேறா எஃகும் ஊசியாயிற்று. பழைய புரூச்சு ஒன்றின் காலத்தைக் கணிப்போர் இன்று முதலில் பார்ப்பது அதன் முகத்தையன்று, கீலையும் கொக்கியையுமே.

இனி, மாணவர்களே, இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். முதியவர் என்னிடம் வேறொன்றும் காட்டினார். தம்மிடம் பழுதுபார்க்க வந்திருந்த மற்றொரு வெள்ளி அணியின் பின்புறத்தில் சாம்பல் நிறத் திட்டு ஒன்று இருந்தது. யாரோ அவசரத்துக்கு ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஈயம் குறைந்த வெப்பத்தில் உருகும், வேலை எளிது. ஆனால் அடுத்து வரும் பத்தர் அதை அறியாமல் பொடி வைத்துப் பற்றவைக்க முயன்றால், அந்த மிகுந்த வெப்பத்தில் ஈயம் வெள்ளிக்குள் ஊடுருவி அதைக் குழி குழியாக அரித்துவிடும். முன்னவன் செய்த எளிய வேலையின் தண்டனையைப் பின்னவன் அடைகிறான். "எனக்குப் பின்னால் ஒருவன் இதைத் திறப்பான் ஐயா. அவனையும் நினைத்துத்தான் ஆணி அடிக்க வேண்டும்" என்றார் அவர்.

இச்சொல் எனக்குப் பெரிய பாடமாயிற்று. பழுதுபார்ப்பவன் இருவருக்குக் கடமைப்பட்டவன்: தனக்கு முன் செய்தவனுக்கும், தனக்குப் பின் செய்யப்போகிறவனுக்கும். தறையாணியால் பொருத்திய ஊசியை நாளை மற்றொருவன் கழற்ற முடியும். துளையிட்டதை மூட முடியாது. அரித்ததை வளர்க்க முடியாது. அணிக்கு மட்டுமன்று, ஓலைச்சுவடிக்கும் கோயில் மண்டபத்துக்கும் இது பொருந்தும். புதுமெருகு ஏற்றுகிறோம் என்று பழைய தடயங்களைச் சுரண்டிவிடுவது, செப்பனிடுதல் ஆகாது, அழித்தலே ஆகும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டியார் அணிந்த வெள்ளி அணி ஏதேனும் இருக்கலாம். அதைத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த கீலும், வேறு நிற ஊசியும், எவரோ தட்டிய சுத்தியின் தடமும் தென்படும். அவற்றைக் குறை என்று எண்ணாதீர்கள். அந்த அணி மீண்டும் மீண்டும் விரும்பி அணியப்பட்டது என்பதற்கு அவையே சான்று. அதைப் பழுதுபார்க்கக் கொடுக்க நேர்ந்தால், ஈயம் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊசியை நெருப்பில் காட்டாமல் இறுதியில் தறையும்படி கேளுங்கள். அகற்றிய பழைய ஊசியை ஒரு தாளில் மடித்து, நாளும் குறித்து, அணியோடு வைத்திருங்கள்.

என் தாயாரின் மயில் இன்றும் என் மகளின் தோளில் இருக்கிறது. முதியவர் தறைந்த ஊசி வளையவில்லை. கடைக்காரர் வைத்த அந்த வளைந்த ஊசியையும் நான் எறியவில்லை. ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன். அதுவும் அந்த அணியின் வரலாற்றில் ஓர் ஏடு அன்றோ?